கருநாக்கும் கூர்ந்த காதும்: ஆஸ்பெர்ஜர் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே தெரிகிறதா?

சில பிள்ளைகளுக்கு நம் ஊரில் ‘கருநாக்கு’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். வாயைத் திறந்து சொன்னால் பலித்துவிடுமாம். “இந்த மாமா அடுத்த தடவை வர மாட்டார்” என்பான். ஆறு மாதம் கழித்து மாமாவும் அத்தையும் பிரிந்துவிட்டார்கள் என்று சேதி வரும். “ஃபிரிட்ஜ் சாகப்போகுது” என்பான். அடுத்த வாரம் கம்ப்ரஸர் போய்விடும். முதல் தடவை எல்லோரும் சிரிப்பார்கள். மூன்றாவது தடவை யாராவது ஒரு பாட்டி அவனை நாக்கை நீட்டச் சொல்லி, மச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்.

அதே பையனுக்குப் பின்னாளில் ஆட்டிசம், பழைய பெயரில் சொன்னால் ஆஸ்பெர்ஜர், என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் கதை இன்னும் கெட்டியாகிவிடும். கடவுள் ஒன்றை எடுத்தால் இன்னொன்றைக் கொடுப்பார் என்பார்கள். ஆஸ்பெர்ஜர் உள்ள பெரியவர்கள் சிலரும் தங்களைப் பற்றி இப்படிச் சொல்கிறார்கள்: போன் அடிக்கும் முன்பே யார் என்று தெரிந்துவிட்டது, கனவில் வந்தது அப்படியே நடந்தது, ஒருவர் அறைக்குள் வந்ததுமே ஏதோ சரியில்லை என்று வயிற்றுக்குள் தெரிந்தது.

இதைக் கேட்டதும் இரண்டு விதமாக எதிர்வினை வரும். ஒன்று கன்னத்தில் போட்டுக்கொள்வது, இன்னொன்று ‘சும்மா கற்பனை’ என்று தள்ளிவிடுவது. இரண்டுமே அவசரம் என்பது என் எண்ணம். அந்தப் பையன் பெரும்பாலும் எதையோ நிஜமாகவே பிடித்திருக்கிறான். ஆனால் அவன் பிடித்தது நாளையிலிருந்து வந்ததல்ல. நம் எல்லோர் கண் முன்னாலும் காது முன்னாலும் இன்று கிடந்த ஒன்றைத்தான் பிடித்தான். எங்கிருந்து பிடித்தான் என்பது அவனுக்கே ஏன் தெரியவில்லை என்பதுதான் இதில் சுவாரசியமான கேள்வி.

முதலில் பெயரைப் பற்றிக் கொஞ்சம். வியன்னாவின் குழந்தை மருத்துவர் ஹன்ஸ் ஆஸ்பெர்ஜர் 1944இல் சில சிறுவர்களைப் பற்றி எழுதினார். நன்றாகப் பேசுவார்கள், ஒரே விஷயத்தில் மூழ்கிக் கிடப்பார்கள், மற்ற பிள்ளைகளோடு ஒட்ட மாட்டார்கள். லண்டனின் லோர்னா விங் 1981இல் அந்தப் பெயரை ஆங்கில மருத்துவ உலகத்துக்குக் கொண்டுவந்தார். 1994இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறியது. 2013இல் அதே கையேடு அதை நீக்கி, ஆட்டிச நிறமாலை என்ற ஒரே குடைக்குள் சேர்த்துவிட்டது. 2018இல் ஹெர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர், நாஜி ஆட்சியில் குழந்தைகள் கொல்லப்பட்ட ‘ஆம் ஷ்பீகல்கிரண்ட்’ மருத்துவமனைக்கு ஆஸ்பெர்ஜரே பிள்ளைகளை அனுப்பியதை ஆவணங்களோடு வெளியிட்டார். அதற்கப்புறம் அந்தப் பெயரை உச்சரிக்கவே பலர் விரும்புவதில்லை. ஆனால் அந்தப் பெயரிலேயே தங்களை அடையாளம் கண்டுகொண்ட ஒரு தலைமுறை இருக்கிறது. அவர்களுக்காகவே இங்கும் அதை வைத்துக்கொள்கிறேன்.

இனி உள்ளுணர்வு. இதற்கு ஆட்டிசத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு தீயணைப்பு அதிகாரியிடமிருந்து தொடங்குவது நல்லது.

கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் தீயணைப்புப் படையினரை உட்கார வைத்துப் பேட்டி எடுத்தார். நெருக்கடியான நேரத்தில் எப்படி முடிவெடுக்கிறீர்கள் என்பது அவர் கேள்வி. அதில் ஒரு அதிகாரி சொன்ன சம்பவம் பிரபலம். ஒரு சாதாரண ஒற்றை மாடி வீடு. பின்பக்கம், சமையலறைப் பகுதியில் தீ. ஆட்களோடு உள்ளே போய்த் தண்ணீரை அடிக்கிறார். தீ அடங்கவில்லை. கூடத்துக்குப் பின்வாங்கி நிற்கும்போது ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது. எல்லோரையும் உடனே வெளியேறச் சொல்கிறார். அவர்கள் வெளியே வந்த சிறிது நேரத்தில், நின்றிருந்த தரையே இடிந்து கீழே போகிறது. தீயின் மையம் அவர்களுக்கு அடியில், நிலவறையில் இருந்திருக்கிறது. அந்த வீட்டில் நிலவறை இருப்பதே அவருக்குத் தெரியாது.

உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று க்ளைன் கேட்டார். தனக்குப் புலன்களுக்கு அப்பாற்பட்ட அறிவு இருப்பதாக அந்த அதிகாரி நம்பினார். கேலியாக அல்ல, நிஜமாகவே. க்ளைன் விடவில்லை. ஒவ்வொரு நொடியாகத் திரும்பக் கேட்டுக்கொண்டே போனார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது: அந்த அளவுத் தீக்குக் கூடம் அவ்வளவு சூடாக இருந்திருக்கக் கூடாது. அவ்வளவு சூட்டுக்குச் சத்தம் இன்னும் பெரிதாக இருந்திருக்க வேண்டும். சூடு அதிகம், சத்தம் குறைவு. பல ஆண்டுத் தீயணைப்பு அனுபவம் இந்தப் பொருத்தமின்மையைக் கண்டுகொண்டது. வார்த்தையாக மாறுவதற்குள் கால் நகர்ந்துவிட்டது. சூட்டைக் காட்டியது தரை, சத்தத்தை விழுங்கியதும் அதே தரை.

பிற்பாடு 2009இல், உள்ளுணர்வை நம்பும் க்ளைனும் அதைச் சந்தேகிக்கும் உளவியலாளர் டேனியல் கானமனும் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். சண்டை போட உட்கார்ந்தவர்கள் ஒரு முடிவில் ஒத்துப்போனார்கள். உள்ளுணர்வை நம்பலாம், ஆனால் அந்தத் துறை போதுமான ஒழுங்கோடு இருக்க வேண்டும், சரியா தப்பா என்ற பதில் கைமேல் கிடைத்து ஒருவர் நீண்ட காலம் பழகியிருக்கவும் வேண்டும். தீ, சதுரங்கம், பிறந்த குழந்தையின் உடல்நிலை எல்லாம் இதில் சேரும். பங்குச் சந்தையில் எந்தப் பங்கு ஏறும் என்பது சேராது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டிசத்துக்கு வருவோம்.

இங்கே ஒரு முரண். ஆய்வுக்கூடத்தில் பார்த்தால், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு உள்ளுணர்வு கம்மி என்றுதான் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னக் கணக்கு: மட்டையும் பந்தும் சேர்ந்து 110 ரூபாய், மட்டை பந்தைவிட 100 ரூபாய் அதிகம், பந்தின் விலை என்ன? பத்து என்று வாய் முந்திக்கொள்ளும். சரியான விடை ஐந்து. ஷேன் ஃபிரெடரிக் என்பவர் 2005இல் டாலர் கணக்கில் போட்ட கேள்வி இது. முந்திக்கொண்டு வரும் பதிலை அடக்கி யோசிக்கிறோமா என்று அளக்கிறது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் மார்க் பிராஸ்னன் குழு 2016இல் இதைச் செய்துபார்த்தபோது, ஆட்டிசம் உள்ளவர்கள் அந்தப் பத்து ரூபாய் வலையில் குறைவாகவே விழுந்தார்கள். அதற்கு முன் 2014இல் அதே குழு இன்னொன்றும் கண்டது: இரண்டு நிற மணிகள் வேறுவேறு விகிதத்தில் கலந்த இரண்டு ஜாடிகளில் ஒன்றிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்து, இது எந்த ஜாடி என்று முடிவு சொல்லும் சோதனையில் ஆட்டிசம் உள்ள இளைஞர்கள் அவசரப்படவில்லை, கூடுதலாக மணிகளைப் பார்த்துவிட்டே சொன்னார்கள். இவர்கள் நிதானிகள், உள்ளுணர்வுக்காரர்கள் அல்ல என்ற படம் உருவானது.

ஆனால் 2022இல் அதே பாத் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய எமிலி டெய்லரும் சகாக்களும் ஆயிரம் பேருக்கு மேல் வைத்துச் சோதித்தபோது, பொதுவான அறிவுத்திறனைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை. வேகமாக யோசிப்பதிலும் இல்லை, நிதானமாக யோசிப்பதிலும் இல்லை. முதல் படம் பெரிதாக்கப்பட்டதாக இருக்கலாம். எனக்குப் படுவது வேறு: ‘உள்ளுணர்வு’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் பல சரக்கைக் கட்டிவைத்திருக்கிறோம். கணக்கில் வாய் முந்துவது ஒன்று. முகத்தைப் பார்த்து மனதை ஊகிப்பது வேறொன்று. மோட்டார் சத்தம் மாறியதைக் காது பிடிப்பது மூன்றாவது. ஒன்றில் சுமார் என்றால் மற்றதிலும் சுமார் என்று ஏதும் இல்லை.

அந்த மூன்றாவதுதான் நம் கருநாக்குப் பையனின் இடம். லண்டனில் அன்னா ரெமிங்டனும் ஜேக் ஃபேர்னியும் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் காட்டுகிறது. பலர் பேசிக்கொண்டிருக்கும் ஒலிப்பதிவில் குறிப்பிட்ட உரையாடலை மட்டும் கவனிக்கச் சொல்கிறார்கள். நடுவில் ஒரு ஆள் ‘நான் ஒரு கொரில்லா’ என்று சொல்லிக்கொண்டே போகிறான். மற்றவர்களில் மிகச் சிலருக்கே அது காதில் விழுந்தது. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பிடித்துவிட்டார்கள், கொடுத்த வேலையையும் கெடுத்துக்கொள்ளவில்லை. கவனச்சிதறல் என்று பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்குகிற அதே குணம்தான். காதின் வாசல் அவர்களுக்கு அகலம், அவ்வளவுதான். கம்ப்ரஸர் போகிற வீட்டில் அதன் சத்தம் பல நாட்களாகவே மாறிக்கொண்டு வந்திருக்கும். வீட்டில் மற்றவர்களின் மூளை அதை ‘ஃபிரிட்ஜ் சத்தம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி ஓரத்தில் வைத்துவிட்டது. அவன் மூளை கட்டவில்லை.

மூளை அப்படி ஏன் கட்டுவதில்லை என்பதற்கு ஒரு கருத்து இருக்கிறது. நாம் எல்லோரும் உலகத்தை அப்படியே பார்ப்பதில்லை. முன்பு பார்த்ததை வைத்து இப்போது என்ன வரும் என்று மூளை ஊகித்து, அந்த ஊகத்தின் மேல்தான் கண்ணும் காதும் திருத்தம் செய்கின்றன. ஆட்டிசத்தில் அந்த முன்-ஊகத்தின் பிடி தளர்வாக இருக்கிறது என்று லிஸ் பெலிகானோவும் டேவிட் பர்ரும் 2012இல் எழுதினார்கள். அதனால் உலகம் சாயம் பூசப்படாமல், கொஞ்சம் அதிகமாகவே நிஜமாக வந்து விழுகிறது. எம்ஐடியின் பவன் சின்ஹா 2014இல் இதையே இன்னும் கூராக்கினார்: ஆட்டிசத்தின் அடிப்படையே முன்கணிப்பதில் உள்ள சிரமமாக இருக்கலாம். எதற்குப் பின் எது வரும் என்று தெரியாதவருக்கு எல்லாமே திடீரென்று, மாயம்போல நிகழும். மாய உலகில் அகப்பட்ட ஒருவர் என்ன செய்வார்? அதே பாதை, அதே தட்டு, அதே சட்டை என்று பிடித்துக்கொள்வார்.

ஒரு பக்கம் எதிர்காலமே தெரிகிறது என்கிறார்கள், இன்னொரு பக்கம் அடுத்த நொடியைக் கணிப்பதே சிரமம் என்கிறது ஆய்வு. இந்த முடிச்சு க்ளைன்-கானமன் அளவுகோலில் கொஞ்சம் அவிழ்கிறது. ரயில் அட்டவணை, இயந்திரம், எண்கள், இசை, தினமும் ஒரே நேரத்தில் வரும் பால்காரர் போன்றவை ஒழுங்கான துறைகள், தப்பென்றால் உடனே தெரிந்துவிடும். அங்கே நுணுக்கமாகப் பார்க்கிறவர் அசத்துவார். கல்யாண வீட்டில் யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது ஒழுங்கில்லாத துறை. அங்கே தடுமாறுவார். தடுமாறுகிற இடத்தை ஊர் மறந்துவிடும், அசத்தின இடத்தைப் பேசும்.

சரி, மாமா விஷயம்? அது ஒழுங்கில்லாத துறையாயிற்றே. அங்கே வேலை செய்தது வேறு ஒன்று என்று நினைக்கிறேன். மாமாவும் அத்தையும் ஒரே சோபாவில் உட்காரவில்லை, அத்தை அவர் தட்டில் பரிமாறவில்லை என்பதை வீட்டில் நாலு பேராவது கவனித்திருப்பார்கள். கவனித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள், ஏனென்றால் அப்படிச் சொல்லக் கூடாது என்பது தெரியும். அவன் சொல்லிவிட்டான். தாத்தா இன்னும் ரொம்ப நாள் இருக்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்த வீட்டில் அதை உரக்கச் சொல்பவனுக்குத்தான் கருநாக்கு. அது தீர்க்கதரிசனமல்ல, நாசூக்கு தெரியாத நேர்மை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பிடித்தது சரி, எங்கே பிடித்தோம் என்று ஏன் தெரிவதில்லை? லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் டெர்மாட் பௌலர் என்ற உளவியலாளர் ஆஸ்பெர்ஜர் உள்ளவர்களின் நினைவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 2004இல் அவர் குழு கண்டது இது: விஷயம் நினைவிருக்கிறது, ஆனால் அது எப்படி, எந்தச் சூழலில் தன்னிடம் வந்தது என்பதை உதவியில்லாமல் நினைவுகூர்வது அவர்களுக்குச் சிரமம். ஆனால் ‘இப்படியா, அப்படியா’ என்று தெரிவுகளைக் கொடுத்தால் அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. அதாவது தகவல் அழியவில்லை. முகவரிச் சீட்டுதான் கிழிந்து தொங்குகிறது.

இந்த ஒரு கண்டுபிடிப்பை வைத்து முன்னுணர்வுக் கதைகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ‘எனக்குத் தெரிந்திருந்தது, எப்படி என்று தெரியவில்லை’ என்பதுதான் ஒவ்வொன்றிலும் வரும் வாக்கியம். யாரோ போனில் பேசியது பக்கத்து அறையில் இருந்தவர் காதில் அரைகுறையாக விழுந்திருக்கும். நாட்காட்டியில் ஒரு தேதி வட்டமிடப்பட்டிருந்ததைக் கண் பார்த்திருக்கும். இரண்டு வாரம் கழித்து அந்த அறிவு மேலே மிதந்து வரும்போது அதற்குப் பிறந்த ஊர் இருக்காது. பிறந்த ஊர் இல்லாத அறிவுக்கு நாமே ஒரு ஊர் கொடுக்கிறோம்: மேலிருந்து வந்தது, நாளையிலிருந்து வந்தது. தீயணைப்பு அதிகாரி செய்ததும் இதைத்தான். ஆய்வுக்கூடக் கண்டுபிடிப்பிலிருந்து வாழ்க்கைக் கதைக்கு நான் போடும் பாலம் இது. யாரும் நேரடியாகச் சோதித்து முடித்த ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நேரடியாகச் சோதிக்கப்பட்ட ஒரு பக்கத்துச் சங்கதியும் உண்டு. ஒரு இடத்துக்கு முதல் தடவை போகும்போது ‘இங்கே ஏற்கெனவே வந்திருக்கிறேன்’ என்று தோன்றுமே, அந்த உணர்வை ஆராய்பவர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் கிளியரி. கணினியில் உருவாக்கிய இடங்களில் ஆட்களை நடக்க விட்டார். முதலில் பார்த்த ஒரு இடத்தின் அமைப்பையே வேறு சாமான்களோடு பிற்பாடு காட்டினார். உதாரணமாக, குப்பைக்கிடங்கின் அமைப்பைத் தோட்டமாக மாற்றியதுபோல. பார்த்தவர்களுக்கு அந்தப் பழகிய உணர்வு வந்தது, ஆனால் மூலம் நினைவுக்கு வரவில்லை. 2018இல் வெளியான சோதனையில் அவர் கேட்ட கேள்வி: அடுத்த திருப்பம் இடமா வலமா? அந்த உணர்வு வந்த நேரங்களில் ‘எனக்குத் தெரியும்’ என்ற உறுதி கூடியது. விடை சரியான விகிதமோ காசு சுண்டியதற்கு மேல் போகவில்லை. அதைவிட வேடிக்கை பிற்பாடு தெரிந்தது. திருப்பத்தைப் பார்த்த பிறகு ‘இதைத்தான் நினைத்திருந்தேன்’ என்றும் அவர்கள் நம்பினார்கள். “அப்பவே நினைச்சேன்” என்று நாம் சொல்லும் வாக்கியத்துக்கு ஆய்வுக்கூடத்தில் எடுத்த போட்டோ என்று இதைச் சொல்லலாம். நானும் நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

உடம்பின் பங்கும் உண்டு. தனக்குள் எழும் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கச் சிரமப்படும் நிலைக்கு அலெக்சிதைமியா என்று பெயர். 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருக்கிறது. மற்றவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான். வயிறு பிசைகிறது, நெஞ்சு படபடக்கிறது, ஆனால் அது கோபமா பயமா பசியா என்று தெரியவில்லை. பெயரில்லாத கலக்கம் வந்த அன்று மாலை யாருக்காவது விபத்து என்றால், கலக்கத்துக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. எந்த விபத்தும் நடக்காத மற்ற மாலைகள் கணக்கில் ஏறுவதே இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்குப் பதற்றக் கோளாறு ஒன்றாவது இருக்கிறது என்கிறது 2011இல் வந்த ஒரு தொகுப்பாய்வு. பதற்றம் என்பதே ‘ஏதோ கெட்டது வரப்போகிறது’ என்ற ஓயாத முன்னறிவிப்புதான். நூறு அம்பு எய்கிறவருக்கு ஒன்றிரண்டாவது தைக்கும்.

எத்தனை தைக்கும் என்பதற்கு ஒரு சும்மாக் கணக்கு. ஒரு நாள் இரவு காணும் கனவு மறுநாள் நடப்பதோடு தற்செயலாக ஒத்துப்போக பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இது என் அனுமானம்தான். ஒரு வருடத்தில் ஒருவருக்கு அது ஒரு தடவையாவது நேர ஏறக்குறைய 3.6 சதவீத வாய்ப்பு. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.2 கோடி. ஆக, எந்த மாயமும் இல்லாமல் ஒவ்வொரு வருடமும் இங்கே மட்டும் சுமார் 26 லட்சம் பேருக்குக் கனவு பலிக்க வேண்டும். அதில் ஒருவர் நம் பக்கத்து வீட்டில் இருப்பதில் என்ன ஆச்சரியம்?

எதிர்காலத்தை உணர முடியுமா என்று நேராகவே சோதித்தும் பார்த்துவிட்டார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேரில் பெம் 2011இல் ஒன்பது சோதனைகளை வெளியிட்டு, முடியும் என்றார். இரண்டு திரைகளில் எதன் பின்னால் பாலுணர்வைத் தூண்டும் படம் வரப்போகிறது என்று, கணினி அதைத் தீர்மானிக்கும் முன்பே 53 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் சரியாகச் சொன்னார்களாம். உளவியல் துறையே ஆடிப்போனது. அப்புறம், நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் முன்கூட்டியே உட்கார்ந்து விதிகளை ஒப்புக்கொண்டு, பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் 2,000 பேருக்கு மேல், 37,000 தடவைக்கு மேல் அதே சோதனையைத் திரும்பச் செய்து 2023இல் வெளியிட்டார்கள். விடை 49.89 சதவீதம். காசைச் சுண்டியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

ஆட்டிசம் உள்ளவர்களைப் பற்றி இன்னொரு கண்டுபிடிப்பு இந்தக் கதைகளுக்கு நேர் எதிரே நிற்கிறது. பெத்தனி ஹேவுட்டும் ஜெஸ்ஸி பெரிங்கும் ஆஸ்பெர்ஜர் உள்ளவர்களிடம் அவர்கள் வாழ்க்கையின் பெரிய நிகழ்வுகளைப் பற்றிக் கேட்டார்கள். ‘இது எனக்குப் பாடம் கற்பிக்கத்தான் நடந்தது’, ‘இப்படித்தான் நடக்கணும்னு இருந்தது’ என்கிற மாதிரிப் பதில்கள் மற்றவர்களைவிட அவர்களிடம் குறைவு. விதி என்ற சொல்லுக்குப் பின்னால், நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனம் இருக்கிறது என்ற ஊகம் ஒளிந்திருக்கிறது. மனங்களை ஊகிப்பதில் அவ்வளவு ஆர்வமில்லாதவர்களுக்கு விதியும் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. அப்படியானால் அவர்கள் சொல்லும் முன்னுணர்வு பக்தியிலிருந்து வருவதல்ல. தனக்கு நேர்ந்ததற்கு வேறு விளக்கம் கிடைக்காத ஒருவர் நேர்மையாகத் தரும் அறிக்கை அது. அதனால்தான் அதை அலட்சியப்படுத்தக் கூடாது என்கிறேன்.

இந்த இடத்தில் தமிழர்களுக்கு ஒருவர் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களைத் தருகிறாள் என்று சொன்ன சீனிவாச ராமானுஜன். அயர்லாந்து மனநல மருத்துவர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு, ஆஸ்பெர்ஜர் இருந்திருக்கலாம் என்று 2004இல் தொகுத்த மேதைகளின் பட்டியலில் ராமானுஜனையும் சேர்த்தார். இறந்து எண்பது ஆண்டுக்கு மேலான ஒருவருக்கு நோயறிதல் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. அவரோடு பழகிய கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி, தேநீர் குடித்துக்கொண்டு அரசியல் பேசுவதற்கும் ஏற்ற, நல்ல துணையான மனிதராகத்தான் அவரைச் சித்திரிக்கிறார். ஆனால் உள்ளுணர்வு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ராமானுஜனைப் போல ஒரு சாட்சி கிடையாது.

கும்பகோணத்தில் பள்ளி நாட்களில் அவர் கையில் கிடைத்தது, கார் என்ற ஆங்கிலேயர் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்காகத் தொகுத்த புத்தகம். ஏறத்தாழ 5,000 முடிவுகள், நிரூபணம் கிட்டத்தட்ட இல்லை. ஒவ்வொன்றையும் அவரே சிலேட்டில் போட்டுப் பார்த்தார். காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டை முழங்கையால் அழித்துவிட்டு அடுத்ததைப் போட்டார், விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். வழி முழுவதும் முழங்கையோடு போயிற்று. ஆண்டுக்கணக்கில் இப்படி வளர்ந்த மனதுக்கு ஒரு சூத்திரம் கனவில் வந்தால் அதற்கு முகவரி எங்கிருந்து இருக்கும்? வாதமும் உள்ளுணர்வும் உதாரணங்களைப் பார்த்து ஊகிப்பதும் கலந்த ஒரு முறையில் அவர் முடிவுக்கு வருகிறார், அதைக் கோவையாக விளக்க அவராலேயே முடியவில்லை என்று ஹார்டியும் எழுதியிருக்கிறார்.

அவர் கண் எப்படிப் பார்த்தது என்பதற்கு ஒரு உதாரணம். ஒரு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்ற கணக்கு. 4ஐ ஐந்து விதமாகப் பிரிக்கலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. மேஜர் மெக்மேகன் என்பவர் 200 வரைக்கும் கையாலேயே இதைக் கணக்கிட்டு ஒரு அட்டவணை போட்டிருந்தார். ஹார்டியும் ராமானுஜனும் கண்டுபிடித்த சூத்திரம் சரியா என்று பார்க்கத்தான் அந்த அட்டவணை. எல்லோரும் கடைசி எண்ணைச் சரிபார்த்தார்கள். ராமானுஜன் வரிசையைப் பார்த்தார். 4க்கு 5, 9க்கு 30, 14க்கு 135, 19க்கு 490. நான்கிலோ ஒன்பதிலோ முடியும் எண் ஒவ்வொன்றுக்கும் விடை ஐந்தால் வகுபடுகிறது. 1919இல் நிரூபணத்தோடு வெளியிட்டார். தாளில் எல்லோர் முன்னாலும் இருந்ததுதான்.

அதே உள்ளுணர்வு சறுக்கியும் இருக்கிறது. 1913 ஜனவரி 16 தேதியிட்ட முதல் கடிதத்தில், பகா எண்களைக் கிட்டத்தட்டத் துல்லியமாக எண்ணிவிடும் வழி தன்னிடம் இருப்பதாக ஹார்டிக்கு எழுதினார். அது தவறு. எண்கள் சிறியதாக இருக்கும்வரை அழகாக ஒத்துப்போய், மிகப் பெரிய எண்களில் கைவிடுகிற ரகம். அங்கே அனுபவம் தந்த உதாரணங்கள் போதவில்லை. தாயார் தந்ததில் எது நின்றது, எது விழுந்தது என்பதை நிரூபணம்தான் பிரித்தது.

திரும்ப நம் காலத்துக்கு. முன்னுணர்வுக் கதைகளின் நிழலில் இன்னொரு வியாபாரம் நடக்கிறது. அதைப் பற்றி மென்மையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. பேச்சு வராத ஆட்டிசப் பிள்ளைகள் அம்மாவின் மனதைப் படிக்கிறார்கள் என்ற பேச்சு 2024இல் அமெரிக்க பாட்காஸ்ட் ஒன்றால் உலகம் முழுக்கப் பரவியது. அது புதிதுமல்ல. 1978இல் அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் 5,400 ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோரிடம் தகவல் திரட்டியபோது, 531 பேருக்கு ஏதோ ஒரு தனித்திறமை இருப்பதாகப் பதில் வந்தது. பெரும்பாலும் இசை, நினைவாற்றல், கணக்கு. புலன்கடந்த அறிவு என்று எழுதிய பெற்றோரும் சிலர் இருந்தார்கள்.

இப்போதைய கதைகளில் பிள்ளை ஒரு எழுத்துப் பலகையைத் தொட்டுத் தொட்டுப் பதில் சொல்கிறது. அம்மாவோ உதவியாளரோ பலகையைப் பிடித்திருப்பார், அல்லது பிள்ளையைத் தொட்டுக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு மட்டும் தெரிந்த எண்ணைப் பிள்ளை சொல்கிறது, உடனே டெலிபதி. 1993இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக நியூயார்க் மாநிலத்தின் ஓ. டி. ஹெக் மையத்தில் இதையே சோதித்தார்கள். ஆட்டிசம் உள்ளவருக்கு ஒரு படம், உதவியாளருக்கு வேறு படம். பலகையில் வந்த சொல் உதவியாளர் பார்த்த படத்தின் பெயர். உதவியாளர்கள் ஏமாற்றவில்லை. தங்கள் கையே எழுதுகிறது என்பது அவர்களுக்கே தெரியாது, தெரிந்தபோது சிலர் உடைந்துபோனார்கள். அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் சங்கம் 2018இல் இந்த முறையையும் இதைப் போன்ற பலகை முறைகளையும் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. அம்மாவின் மனதில் இருப்பதைப் பிள்ளையின் விரல் சொல்கிறது என்றால், முதலில் கேட்க வேண்டியது அது யாருடைய விரல் என்பதுதான். அந்தப் பிள்ளைக்குச் சொந்தமாகச் சொல்ல என்ன இருக்கிறது என்பது அங்கே கேட்கப்படாமலே போகிறது.

உள்ளுணர்வு என்றதும் எப்போதும் ஆட்டிசம் உள்ளவரையே மேசையில் படுக்க வைத்துப் பார்க்கிறோம். மற்றவர்களின் உள்ளுணர்வு எந்த லட்சணத்தில் இருக்கிறது? நோவா சாசன் குழு 2017இல் சில நொடி வீடியோக்களை ஆட்டிசம் இல்லாதவர்களுக்குக் காட்டியது. யாருக்கு ஆட்டிசம் என்று சொல்லவில்லை. ஆட்டிசம் உள்ளவர்களோடு பேசவோ பக்கத்தில் உட்காரவோ விருப்பம் குறைவு என்று பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு வந்தது. அவர்கள் பேசியதை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்தப் பாரபட்சம் காணாமல் போய்விட்டது. சொன்ன சேதியில் குறை எதுவும் இல்லை, குரலையும் முகத்தையும் பார்த்தே ஒதுக்கிவிட்டார்கள். இந்த ‘பார்த்ததுமே தெரிந்துவிட்டது’ ஒரு வேலை நேர்காணலில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். “ரூமுக்குள்ள போனதுமே ஏதோ சரியில்லைன்னு தெரிஞ்சுது” என்று அந்த நேர்காணலுக்குப் போனவர் சொன்னால், அது முன்னுணர்வும் இல்லை, கற்பனையும் இல்லை. நிஜமாகவே அங்கே ஏதோ சரியில்லை.

வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் என்ன செய்வது? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தோன்றியதை, நடப்பதற்கு முன்பே, தேதி போட்டு எழுதுவது. நடக்காததையும் அழிக்காமல் வைத்திருப்பது. ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் எது காதின் வேலை, எது பதற்றத்தின் வேலை என்று ஓரளவு பிரிந்துவிடும். பட்டியல், தேதி, விதி என்றால் பல ஆஸ்பெர்ஜர்காரர்களுக்குப் பிடித்த வேலையும்கூட.

அப்புறம், கேட்கிற விதம். “உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?” என்று மொட்டையாகக் கேட்டால் “தெரியல” என்றுதான் பதில் வரும். பௌலரின் ஆய்வை நினைவில் வைத்துக் கேட்கலாம்: “ஃபிரிட்ஜ் சத்தம் மாறுச்சா, வாசனை வந்துச்சா, தண்ணி கசிஞ்சுதா?” தெரிவுகளைக் கொடுத்தால் முகவரி பல நேரம் கிடைத்துவிடும். “சத்தம். ராத்திரில க்ளிக்குன்னு ரெண்டு தடவை நின்னு நின்னு ஓடுச்சு” என்பான்.